கரண்டு பில்லைக் குறைப்பது எப்படி? பினாங்கு வீடுகளும் கடைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் முப்பது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் என்னைக் கூப்பிடுகிறவர்கள் “கட்டை விழுந்துவிட்டது, வீடே இருட்டு, வந்து பார்” என்பார்கள். 2025 ஜூலையில் மின்கட்டணக் கணக்கு மாறியதிலிருந்து, பாதிப் பேர் கையில் பில்லோடு வாசலில் நிற்கிறார்கள். ஜெலுத்தோங் டெரஸ் வீடு, ஆயர் ஈத்தாம் பிளாட், லிட்டில் இந்தியா புடவைக் கடை என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். பதிலை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வாய் வலி மிச்சம். இதில் உள்ள கட்டணமெல்லாம் 2025 ஜூலை 1 அன்று தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்த கட்டணம்.

புது பில்லில் நாலைந்து வரி போட்டிருக்கிறதே, அதெல்லாம் என்ன?

பழைய கணக்கு எளிது. முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100 யூனிட்டுக்கு 33.40 சென், அதற்கு மேல் 51.60 சென் என்று படிப்படியாக ஏறும். 2014 முதல் பதினொரு வருடம் அப்படித்தான் கட்டினோம். இப்போது அதையே பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மின்சாரம் உற்பத்தி செய்ய யூனிட்டுக்கு 27.03 சென். உற்பத்தி நிலையங்களை எந்நேரமும் தயாராக வைத்திருக்க 4.55 சென். கம்பி வழியாக வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க 12.85 சென். மூன்றையும் கூட்டினால் 44.43 சென். மாதம் 1,500 யூனிட்டுக்கு மேல் போகும் பெரிய வீடுகளுக்கு முதல் கட்டணம் 27.03-க்குப் பதில் 37.03 சென். யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

இதற்கு மேல் சில கூட்டல்கள் உண்டு. 300 யூனிட்டைத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடு. 600-ஐத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சேவைக் கட்டணம், 600-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரி, எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதாமாதம் ஏறி இறங்கும் ஒரு சரிக்கட்டல். 600-க்குள் இருக்கிறவர்களை இந்த மூன்றும் தொடாது.

என் அப்பா காலத்து ஆட்கள் இன்னமும் “லெட்ரிக் பில்” என்றுதான் சொல்வார்கள். லெம்பாகா லெட்ரிக் நெகாரா என்ற தேசிய மின்வாரியம் 1990-ல் தெனாகா நேஷனல் ஆகிவிட்டது. பெயர் மாறினாலும் வாயில் பழசு போகவில்லை.

44 சென் என்றால் முன்பைவிட இரண்டு மடங்கு இல்லையா? ஆனால் என் பில் ஏறவில்லையே!

ஏறாததற்குக் காரணம், பில்லில் கழிவாக வரும் இன்னொரு வரி. மின்சிக்கனத்துக்கான ஊக்கத்தொகை அது. மாதம் 1,000 யூனிட்டுக்குள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் தானாகவே கிடைக்கும். விண்ணப்பம், பாரம் எதுவும் வேண்டாம். மின்சிக்கனத் திட்டம் என்றால் ஏதோ கூட்டம் போட்டு பல்பு கொடுப்பார்கள் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மிகப்பெரிய திட்டம் இதுதான், பில்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. 201 முதல் 250 வரை 24.5 சென். அதற்குப் பிறகு ஒவ்வொரு 50 யூனிட்டுக்கும் ஒரு படி இறங்கும். 300 வரை 22.5, 350 வரை 21, 400 வரை 17, 450 வரை 14.5, 500 வரை 12, 550 வரை 10.5, 600 வரை 9 சென். 650 வரை 7.5. அங்கிருந்து மெல்ல மெல்லத் தேய்ந்து, 900-க்கும் 1,000-க்கும் இடையில் வெறும் அரை சென் மிஞ்சும்.

ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பழைய கணக்கில் விலை ஏறினால், ஏறிய பகுதிக்கு மட்டும்தான் அதிக விலை. இந்தக் கழிவு அப்படி இல்லை. எந்தப் படியில் போய் நிற்கிறீர்களோ, அந்தப் படியின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரைக்கும்.

அப்படியானால் ஒரே ஒரு யூனிட் தாண்டினால்கூட வித்தியாசம் தெரியுமா?

தெரியும். எங்கே தாண்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இனி வரும் கணக்குகளில் அந்த 1.6 விழுக்காட்டைச் சேர்க்கவில்லை.

350 யூனிட் வந்த வீட்டுக்கு 44.43-லிருந்து 21 சென் கழிந்து 23.43 சென், மொத்தம் 82 ரிங்கிட். அடுத்த வீட்டில் 351. அவர்களுக்குக் கழிவு 17 சென்தான். 27.43 சென் கணக்கில் 96 ரிங்கிட் 28 சென். ஒரு யூனிட்டுக்கு 14 ரிங்கிட்! 400-க்கும் 401-க்கும் இடையில் பத்து ரிங்கிட்டுக்குச் சற்று அதிகம். 600-லிருந்து 601-க்குப் போனால், அந்த 10 ரிங்கிட் சேவைக் கட்டணமும் சேர்ந்து 19 ரிங்கிட்டுக்கு மேல் ஏறும். 200-க்கும் 201-க்கும் நடுவில் பெரிதாக ஒன்றுமில்லை, ஒன்றரை ரிங்கிட்கூட வராது.

அதனால் யாராவது “எப்படிக் குறைப்பது?” என்று கேட்டால், நான் முதலில் கேட்பது “போன மாதம் எத்தனை யூனிட்?” என்பதுதான். 395 வந்த வீடும் 405 வந்த வீடும் செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல. 405 வீட்டுக்காரர் மாதம் ஐந்தாறு யூனிட் விட்டால் போதும், கையில் காசு நிற்கும். 395 வீட்டுக்காரர் அதே ஐந்தாறு யூனிட்டை விட்டால் ஒன்றரை ரிங்கிட் மிஞ்சும்.

என் வீட்டில் எதுதான் கரண்டை இழுக்கிறது?

விளக்கு இல்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. பிள்ளைகளை “லைட்டை அடை, லைட்டை அடை” என்று திட்டியே வளர்ந்த தலைமுறை நாம். அது 60 வாட் குண்டு பல்பு எரிந்த காலம். இப்போது எல்லாம் 9 வாட் எல்இடி.

நாலு பேர் இருக்கிற டெரஸ் வீடு ஒன்றைப் பார்ப்போம். படுக்கையறையில் பழைய ரக ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 5 யூனிட், மாதத்துக்கு 150. குளியலறையில் 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒருவருக்கு 0.6 யூனிட், நாலு பேருக்கு நாளைக்கு 2.4, மாதத்துக்கு 72. ஐஸ்பெட்டி 45. நாலு காற்றாடி, ஒவ்வொன்றும் 70 வாட், பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 84. விளக்கு 15. சோற்றுப்பானை, கெட்டில், துணி துவைக்கும் மெஷின், தொலைக்காட்சி எல்லாம் சேர்த்து ஒரு 40. மொத்தம் 406 யூனிட். ஊக்கத்தொகை போக 121 ரிங்கிட் 52 சென்.

காற்றாடியைக் கவனித்தீர்களா? ஹீட்டரை மிஞ்சிவிட்டது. “காத்தாடிதானே, என்ன பெரிசா இழுத்துவிடும்?” என்று விட்டுவிடுகிறோம். வாட் சிறிதுதான், ஆனால் நேரம் பெரிது. நம் ஊர் வெயிலுக்கு அது ஓடாத நேரம் எது? டிசி மோட்டார் காற்றாடி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாலையும் மாற்றினால் 84 போய் 36 ஆகும். ஹீட்டரை இரவு ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு பாதியாக்கினால் இன்னும் 36 குறையும். இப்போது 322 யூனிட். பில் 75 ரிங்கிட் 44 சென். குறைந்தது 84 யூனிட், மிஞ்சியது 46 ரிங்கிட். யூனிட்டுக்கு 55 சென் வருகிறது, 44 இல்லை. இரண்டு படி இறங்கியதால் வந்த லாபம் அது.

சில்லறைத் திருடர்களும் உண்டு. சாட்டிலைட் டிவிக்கான அஸ்ட்ரோ பெட்டி மாதிரி எந்நேரமும் விழித்திருக்கும் பெட்டி 10 வாட் இழுத்தால் மாதம் 7 யூனிட். அப்புறம் சாமி அறையில் சிவப்பாக எரிகிற ‘சீரோ வாட்’ பல்பு. பெயர்தான் சீரோ. பழைய ரகம் 15 வாட் வரை இழுக்கும். இரவு பகலாக எரிந்தால் மாதம் கிட்டத்தட்ட 11 யூனிட். எல்இடியில் அதே சிவப்பு அரை வாட்டில் கிடைக்கிறது. அம்மனுக்கு எந்தக் குறையும் வராது.

ஏர்கோன் எத்தனை டிகிரியில் வைக்கலாம்?

அரசாங்க அலுவலகங்களில் 24 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்று 2011-ல் சொன்னார்கள். வீட்டுக்கும் அது போதும். காற்றாடியையும் சேர்த்துப் போட்டால் 26-லேயே தூக்கம் வரும். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. குளிரும் வேகம் பெரிதாக மாறாது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

பில்ட்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். தெருவோர வீடென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு கடையில், சின்ன அறைக்கு இரண்டு குதிரைத்திறன் ஏர்கோனை என் தலையில் கட்டினார்கள். பெரிது வாங்கினால் நல்லது என்று விற்பனையாளர் சொன்னார், நானும் தலையாட்டினேன். அறை நாலு நிமிடத்தில் குளிர்ந்துவிடும், மெஷின் நிற்கும், மறுபடி கிளம்பும். ஈரம் போகாமல் போர்வை பிசுபிசுக்கும். வயரிங் வேலை செய்கிறவனே ஏமாந்த கதை, மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மின்சிக்கன நட்சத்திரம் ஒட்டிய பொருள் வாங்கினால் அரசாங்கம் காசு தருமா?

அவ்வப்போது தரும். ‘சேவ்’ என்ற பெயரில் 2011-ல் தொடங்கினார்கள். ஐந்து நட்சத்திர ஐஸ்பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் கழிவு கொடுத்தார்கள். 2021-ல் மறுபடி வந்தபோது நாலு அல்லது ஐந்து நட்சத்திரப் பொருளுக்கு 200 ரிங்கிட். பிறகும் சில சுற்றுகள் வந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் சுற்று மூடிவிடும், அதனால் கடையில் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கழிவுதான், மின்கணக்கு எண் கேட்பார்கள். கணக்கு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். எத்தனையோ வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பெயரை மாற்றுங்கள்.

கழிவு இல்லாத காலத்திலும் நட்சத்திர லேபிள் உதவும். 2013 முதல் ஐஸ்பெட்டி, ஏர்கோன், தொலைக்காட்சி, காற்றாடி, விளக்கு இவற்றுக்குக் குறைந்தபட்ச மின்சிக்கனத் தரம் இருந்தால்தான் சந்தைக்கு வரலாம். லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள். கீழே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சடித்திருக்கும், அதைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் போட்ட இரண்டு கதவுப் பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரச் சின்னப் பெட்டியைவிட அதிகம் இழுக்கலாம். நட்சத்திரம் அந்த அளவுப் பொருள்களுக்குள் நடக்கிற போட்டி.

புதுசு வாங்கிவிட்டுப் பழைய ஐஸ்பெட்டியைப் பின்கட்டில் போட்டு, தீபாவளிக்கு வாங்கிய இரண்டு போத்தல் பானத்தைக் குளிர வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மிச்சம் பிடித்தது அத்தனையும் அங்கே போகிறது.

ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதிலிருந்து பில் ஏறிவிட்டது. மீட்டர் தப்பா?

மீட்டர் வேகமாக ஓடுவது மிக அரிது. தட்டு சுற்றுகிற பழைய மீட்டர் வயதானால் தேய்ந்து மெதுவாகிவிடும், அதனால் முன்பு குறைவாகக் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. வாசல் கேட் பூட்டியிருந்தால் அப்போது மீட்டர் பார்க்க வந்த ஆள் ஒரு மதிப்பீட்டைப் போட்டுவிட்டுப் போவார், அதுவும் ஒரு காரணம். ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவதற்குக் காசு வாங்குவதில்லை.

எனக்கு ஸ்மார்ட் மீட்டர் பிடிக்கும். அரை மணிக்கு ஒருமுறை கணக்கு எடுப்பதால், தெனாகா நேஷனலின் மைடிஎன்பி செயலியில் அன்றாடம் எவ்வளவு போகிறது என்று பார்க்கலாம். மாதத்தின் இருபதாம் நாளில் 260 என்று இருந்தால், கடைசிப் பத்து நாளை எப்படி ஓட்டுவது என்று தெரிந்துவிடும். பில் வந்த பிறகு அழுது என்ன பயன்? சந்தேகம் தீரவில்லையா, வீட்டில் எல்லா விசையையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் எங்கோ கசிவு, அல்லது யாரோ உங்கள் கம்பியில் கை வைத்திருக்கிறார்கள்.

பகலில் ஒரு விலை, இரவில் ஒரு விலை என்கிறார்களே, அதற்கு மாறலாமா?

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மாறலாம், விருப்பம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறையும் மலிவு நேரம். உற்பத்திக் கட்டணம் 27.03 சென்னுக்குப் பதிலாக உச்ச நேரத்தில் 28.52, மலிவு நேரத்தில் 24.43.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பயன்பாட்டில் உச்ச நேரப் பங்கு 63 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் லாபம். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது, உச்ச நேரம் 40 மணிதான். இரவு ஏர்கோன் போடுகிற, பகலில் வேலைக்குப் போகிற குடும்பம் நஷ்டப்படுவது கஷ்டம். ஆனால் பெரிய காசு என்று எதிர்பார்க்க வேண்டாம். 500 யூனிட்டில் 30 விழுக்காடு உச்ச நேரம் என்றால் மாதம் 7 ரிங்கிட்டுக்குப் பக்கம் மிஞ்சும். வீட்டிலேயே மாலை முழுக்க ஏர்கோன் போட்டு டியூஷன் எடுக்கிற ஆசிரியை ஒருவர் கேட்டார், அவரை மாற வேண்டாம் என்றேன்.

பிளக்கில் செருகினால் பாதி பில் குறையும் என்று ஒரு பெட்டி விற்கிறார்களே?

வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும்தான். வீட்டு மீட்டர் கணக்கிடும் கரண்டை அது குறைக்காது. அந்தப் பச்சை விளக்குக்குத்தான் கொஞ்சம் கரண்டு போகும். மீட்டரில் ‘ஏதாவது செய்து தருகிறேன்’ என்கிறவன் இன்னும் மோசம். 1990 மின்விநியோகச் சட்டப்படி அது குற்றம், மாட்டுவது கணக்குக்குச் சொந்தக்காரர்.

ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கிறோம். ஏதாவது செய்ய முடியுமா?

இதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிற கேள்வி. மாடியில் அண்ணன், கீழே தம்பி. ஆளுக்கு 300 யூனிட். தனித்தனி மீட்டர் என்றால் ஆளுக்கு 65 ரிங்கிட் 79 சென், இரண்டும் சேர்த்து 131 ரிங்கிட் 58 சென். ஒரே மீட்டரில் 600 என்று வந்தால் 212 ரிங்கிட் 58 சென். சிக்கனமாக இருந்தும் 81 ரிங்கிட் போகிறது. அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளிலும் இதே கதை.

வீடு உண்மையில் இரண்டு தனிக் குடித்தனமாகப் பிரிந்திருந்தால், தனி மீட்டருக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பதிவுபெற்ற ஒப்பந்ததாரரைப் பிடித்துக் கேளுங்கள். செலவு ஆகும். பிரிக்க முடியாத வீடென்றால் ஒரே வழி, ஏர்கோனுக்கு ஒரு துணை மீட்டர் மாட்டி, யார் எவ்வளவு என்று தெரிய வைப்பது. குடும்பச் சண்டை குறையும், அதற்காகவாவது செய்யலாம்.

கஷ்டப்படும் குடும்பத்துக்கு உதவி உண்டா?

இ-காசிஹ் என்ற அரசாங்க ஏழைக் குடும்பப் பட்டியலில் பரம ஏழை என்று பதிவான குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை கழிவு உண்டு. 200 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டின் பில் 38 ரிங்கிட் 86 சென்தான், ஆக ஒன்றும் கட்ட வேண்டியிருக்காது. பதிவு இல்லாமல் விட்டவர்கள் நிறைய.

புடவைக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு உள்ள சலுகை கடைக்கும் உண்டா?

மாதம் 200 யூனிட்டுக்குள் இருக்கும் சின்னக் கடைக்கு யூனிட்டுக்கு 11 சென் ஊக்கத்தொகை. பூக்கடை, தையல் கடை, முடிதிருத்தும் கடைக்கு அது உதவும். ஏர்கோன் போட்ட புடவைக் கடை 200-க்குள் நிற்காது.

ஆனால் உங்கள் கடையில்தான் அள்ளிக்கொள்ள நிறைய இருக்கிறது. கூரையைப் பாருங்கள். 50 வாட் ஹலோஜன் நாற்பது என்றால் 2,000 வாட். பத்து மணி நேரம், முப்பது நாள், 600 யூனிட். எல்இடி 7 வாட்டில் போட்டால் 84. குறைகிற 516 யூனிட் பாதிக் கதைதான். அந்த 2,000 வாட்டும் சூடாகத்தான் கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அதை உங்கள் ஏர்கோன் காசு கொடுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. விளக்கை மாற்றினால் ஏர்கோனும் இளைப்பாறும். எல்இடி வாங்கும்போது நிறம் சரியாகக் காட்டும் ரகமா என்று கேளுங்கள். மலிவு விளக்கின் கீழ் காஞ்சிபுரத்து அரக்கு மாங்காய்ப் பட்டு பழுப்பாகத் தெரிந்தால் வியாபாரம் போய்விடும்.

இன்னொன்று, ஜார்ஜ்டவுன் பழைய கடை வீடுகளுக்கு. நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். சூடு மேலே ஏறி வெளியேறத்தான் அந்தக் காலத்து ஆட்கள் அதை விட்டுவைத்தார்கள். ஏர்கோனுக்காக அதைப் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடுகிறோம், வெயில் தகட்டில் இறங்கி உள்ளே அடுப்பாகிவிடுகிறது. மூடத்தான் வேண்டுமென்றால் வெயில் விழாத கூரை போட்டு, கீழே குளிரூட்டும் பகுதியைக் கதவு வைத்துத் தனியாக அடையுங்கள். முன்கதவை, கடை முன் நடைபாதையான ஐந்தடிப் பாதைக்கு அகலத் திறந்துவைத்துவிட்டு ஏர்கோன் ஓட்டுவது, தெருவுக்கே குளிர் கொடுப்பது. அந்தப் புண்ணியம் தேவையா?

சாப்பாட்டுக் கடைக்கு?

நாசி கண்டார் கடையோ வாழையிலைக் கடையோ, முதலில் குளிர்பெட்டிகளைப் பாருங்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஓடுவது அவைதான். கதவு ரப்பருக்கு இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். பின்பக்கக் கம்பிச் சுருளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் சேர்ந்து கம்பளி மாதிரி இருக்கும், அதைச் சுத்தம் செய்தாலே மோட்டார் சத்தம் குறைவது காதுக்குத் தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் பிரீசரை வைத்திருக்கும் கடைகளை எண்ணினால் விரல் போதாது. இடம் இல்லை என்பார்கள். நடுவில் ஒரு தடுப்புப் பலகையாவது வையுங்கள்.

வொர்க்‌ஷாப் பில்லில் ‘பவர் பெக்டர்’ அபராதம் வருகிறதே?

வெல்டிங் மெஷின், பழைய மோட்டார் இவை உபயோகிக்கிற அளவைவிட அதிக மின்னோட்டத்தைக் கம்பியில் இழுக்கும். இழுப்பதில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்பதைக் காட்டும் எண்தான் பவர் பெக்டர். அது 0.85-க்குக் கீழே போனால், ஒவ்வொரு 0.01-க்கும் பில்லில் 1.5 விழுக்காடு கூடும், 0.75-க்கும் கீழே போனால் 3 விழுக்காடு. 0.80 என்றால் 7.5 விழுக்காடு. இங்கே கெப்பாசிட்டர் உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் பிளக்கில் செருகுகிற பொம்மை இல்லை. அளந்து, சரியான அளவில், முதன்மைப் பலகையில் மாட்டுகிற கெப்பாசிட்டர் தொகுப்பு. பல கடைகளில் அது இருக்கும், உள்ளே கெப்பாசிட்டர் செத்துப்போய் வருடக்கணக்காகியிருக்கும். திறந்து பாருங்கள்.

தொழிற்சாலை, ஹோட்டல் நடத்துகிறவர்களுக்குச் சட்டம் வந்திருக்கிறதாமே?

2024 எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம், 861-ஆம் சட்டம். 2025 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் அமலில் இருக்கிறது. எரிசக்தி ஆணையம் மேற்பார்வை பார்க்கிறது. வருடத்துக்கு 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் உபயோகிக்கும் இடங்களுக்குப் பொருந்தும். மின்சாரமாக மட்டும் பார்த்தால் அது 6 மில்லியன் யூனிட். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இந்த எல்லையை எட்டும் ஆலைகள் உண்டு, நம் தெருக் கடைகள் எட்டாது.

இதற்கு முன் இருந்த 2008 மின்சார விதிமுறையிலும் எல்லை கிட்டத்தட்ட அதேதான், ஆறு மாதத்தில் 3 மில்லியன் யூனிட். வித்தியாசம், அப்போது மின்சாரத்தை மட்டும் எண்ணினார்கள். இப்போது கொதிகலனுக்குப் போகும் எரிவாயுவும் டீசலும் கணக்கில் வருகின்றன. பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும், தணிக்கை நடத்த வேண்டும், ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்களுக்குச் சதுர மீட்டருக்கு எவ்வளவு எரிசக்தி என்று காட்டும் லேபிள் தனி.

தணிக்கைச் செலவுக்கு நிபந்தனையோடு கூடிய மானியத் திட்டம் ஒன்று பதினோராவது மலேசியத் திட்டக் காலத்தில் வந்தது. நிபந்தனை நியாயமானதுதான், தணிக்கையில் சொன்னதை அலமாரியில் வைக்காமல் செய்து காட்ட வேண்டும். ஆலைக்குள் போனால் நான் முதலில் காதைத்தான் தீட்டுவேன். மெஷின் நின்ற மதிய இடைவேளையில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் அழுத்தக் காற்று கசிகிறது, காசும் கசிகிறது. அடுத்தது பம்பும் பெரிய காற்றாடியும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் இழுக்கும் கரண்டு பாதியாகிவிடும். வால்வை நெரித்து ஓட்டும் இடங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டுவது அதனால்தான்.

முதலீட்டை நாங்களே போடுகிறோம், மிச்சத்தில் பங்கு கொடுங்கள் என்று ஒரு கம்பெனி வருகிறது. நம்பலாமா?

எரிசக்திச் சேவை நிறுவனங்கள் அப்படி ஒப்பந்தம் போடுவது வழக்கம்தான், நல்ல ஏற்பாடும்கூட. கையெழுத்துக்கு முன் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எதோடு ஒப்பிட்டு மிச்சம் என்கிறார்கள்? குறைந்தது பன்னிரண்டு மாதப் பில்லை அடிப்படையாக வைக்கச் சொல்லுங்கள். ஆர்டர் குறைந்து ஆலை பாதி நாள் நின்றால், பில் தானாகக் குறையும். அதை அவர்களுடைய மிச்சமாக எண்ணக்கூடாது என்று எழுத்தில் இருக்கட்டும்.

கோயிலுக்கு?

அலங்கார விளக்குகளை நேரக்கட்டுப்பாட்டு விசையில் போடுங்கள். திருவிழா முடிந்த பிறகும் கோபுரத்துச் சரவிளக்கு விடிய விடிய எரிவதை நானே பார்த்திருக்கிறேன், விசை யாரிடம் என்பது யாருக்கும் தெரியவில்லை.

சோலார் போட்டுவிட்டால் இதெல்லாம் தேவையில்லை அல்லவா?

முதலில் குறையுங்கள், பிறகு போடுங்கள். 600 யூனிட் வீட்டுக்கு வாங்கும் தகடும் 350 யூனிட் வீட்டுக்கு வாங்கும் தகடும் ஒரே விலை இல்லை. மிஞ்சும் சோலார் மின்சாரத்தைப் பில்லில் கழித்துக்கொண்ட பழைய நிகரக் கணக்குத் திட்டம் 2025 ஜூன் 30-ல் மூடிவிட்டது, அடுத்ததாக 2026 ஜனவரியிலிருந்து சோலார் அதாப் (ATAP) என்ற புதுத் திட்டம். தகடு விற்க வருகிறவர் இன்னமும் பழைய திட்டத்தின் கணக்கைக் காட்டினால் எழுந்துவிடுங்கள்.

அண்ணே, எல்லோருக்கும் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் எத்தனை யூனிட்?

கேட்பீர்கள் என்று தெரியும். போன மாதம் 356. தம்பி மகன் ஈப்போவிலிருந்து வந்து பத்து நாள் தங்கினான், ஹீட்டரைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிற பிள்ளை. ஆறு யூனிட் தாண்டியதற்கு 15 ரிங்கிட் 64 சென். இந்த மாதம் செயலி 311 காட்டுகிறது, இன்னும் நாலு நாள் இருக்கிறது. அவன் மறுபடி வருகிறேன் என்று நேற்றுத்தான் போன் செய்தான்.